ஒரு நெல்லும் ஒரு மீனும்: வைப்பின் தீவின் கூட்டு வேளாண்மை

கொச்சிக் கோட்டையின் படகுத்துறையில் நின்று பார்த்தால், கடல்முகத்துக்கு அப்பால் நீண்டு கிடக்கும் ஒரு கரை தெரியும். அதுவே வைப்பின் தீவு. மட்டாஞ்சேரியின் சந்தைகளுக்கும் கொச்சியின் தொழிற்கூடங்களுக்கும் வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தீவு புதியதன்று. படகில் ஏறினால் சில நிமிடங்களில் அதன் தென்முனையை அடைந்துவிடலாம். 2004ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்ட பின்னர், எர்ணாகுளத்திலிருந்து பேருந்திலேயே தீவுக்குச் செல்ல முடிகிறது.

மேற்கே அரபிக்கடல், கிழக்கே காயல், நடுவே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய நிலம். 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் முசிறித் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சித் துறைமுகத்தைத் திறந்தது என்பர். அவ்வெள்ளமும் கடலும் சேர்த்து வைத்த மணலே வைப்பின் ஆயிற்று என்பது வழக்கு. ‘வை’ என்னும் வேர்ச்சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானது. ஆறும் கடலும் ‘வைத்த’ நிலம் என்னும் பொருள் அப்பெயரிலேயே விளங்குகிறது.

இத்தகைய நிலத்தில் நெல் விளையுமா? விளையும். அந்நெல் விளையும் வகையையும், அது இன்று எதிர்கொள்ளும் இடரையும், அவ்விடரைத் தீர்க்க மக்கள் ஒன்றுகூடும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

உப்பைத் தாங்கும் நெல்

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். வைப்பினின் வயல்களில் இவ்விரு திணைகளும் கலந்துள்ளன. ஆண்டின் ஒரு பகுதியில் இவ்வயல்கள் மருதம். மறு பகுதியில் நெய்தல்.

இங்கு விளையும் நெல்லின் பெயர் பொக்காளி. மலையாளத்தில் ‘பொக்கம்’ என்பது உயரத்தைக் குறிக்கும். நீர் உயரும்போது பயிரும் உயர்ந்து வளர்வதால் இப்பெயர் வந்தது என்பர். ஓர் ஆள் உயரத்தை எட்டும் கதிர்களும் உண்டு. எர்ணாகுளம், திருச்சூர், ஆலப்புழை ஆகிய மூன்று மாவட்டங்களின் கடலோரத் தாழ்நிலங்களில் இந்நெல் விளைகிறது. 2008ஆம் ஆண்டில் இது புவிசார் குறியீடு பெற்றது.

பொதுவாக, உப்புநீர் பட்டால் நெற்பயிர் கருகும். பொக்காளியோ ஓரளவு உப்பைத் தாங்கி நிற்கும். இவ்வாற்றலுக்குக் காரணமான மரபணுப் பகுதியை ஆய்வாளர் பொக்காளியிலேயே கண்டறிந்தனர். பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆய்வு நிறுவனம் அப்பகுதியைப் பயன்படுத்தி, உப்பைத் தாங்கும் வேறு நெல் வகைகளை உருவாக்கியது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வைற்றிலா நெல் ஆய்வு நிலையமும் பொக்காளி நிலத்துக்கு ஏற்ற பல வகைகளை வெளியிட்டுள்ளது. கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில், உலகின் உப்பு நிலங்கள் பலவற்றுக்கு இவ்வயல்களின் விதை ஒரு நம்பிக்கையாக விளங்குகிறது.

தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களிலும் இத்தகைய நெல் உண்டு. நாகப்பட்டினம் பகுதியில் பயிரிடப்பட்ட குழியடிச்சான் என்னும் மரபு நெல் உப்பு நிலத்திலும் விளையக்கூடியது. ஆதலின், உப்போடு போராடிய உழவரின் அறிவு இரு மாநிலங்களுக்கும் பொதுவானது.

ஓராண்டின் சுழற்சி

பொக்காளி வயலின் ஆண்டு சித்திரையில் தொடங்குகிறது. தமிழர் புத்தாண்டையும் மலையாளிகள் விஷுவையும் கொண்டாடும் அந்நாள்களில், வயலில் நின்ற உப்புநீர் வடிக்கப்படும். நீர் வெளியேறவும் உள்ளே வரவும் மரத்தால் அமைத்த மதகைத் தூம்பு என்பர். இச்சொல் தமிழிலும் ஏரி மதகைக் குறிக்கும் பழஞ்சொல்லே.

நீர் வடிந்த பின் வெளிவரப்புகள் உயர்த்தப்படும். வயலின் சேற்றை வெட்டிச் சிறு சிறு மேடுகளாகக் குவிப்பர். அம்மேடுகள் வெயிலில் காயும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், மழைநீர் மேடுகளின் உப்பைக் கழுவிக் கீழே இறக்கும். உப்பு நீங்கிய மேட்டின் தலையில் முளைகட்டிய விதையைத் தூவுவர். விதைநெல்லை ஓலைக்கூடையில் இட்டு நீரில் ஊறவைத்து, வேர் முனை தலைகாட்டும் பக்குவத்தில் எடுப்பது தனித்திறன். நாற்று ஏறத்தாழ ஒரு மாதம் வளர்ந்ததும், மேட்டை நாற்றோடு மண்கட்டிகளாக வெட்டி வயலெங்கும் பரப்புவர். நாற்றங்கால், நடவு ஆகிய இரண்டு பணிகளையும் இம்மேடுகளே நிறைவேற்றுகின்றன.

அதன்பின் வயலுக்கு உரமும் இல்லை, பூச்சிக்கொல்லியும் இல்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் அறுவடை நடைபெறும். அறுப்பவர் பெரும்பாலும் பெண்கள். இடுப்பளவு நீரில் நின்று, கதிரை மட்டும் அறுத்தெடுப்பர். தாள் நீரிலேயே விடப்படும்.

நவம்பர் நடுவில் தூம்பு மீண்டும் திறக்கப்படும். இப்போது கடலின் பங்கு தொடங்குகிறது. நீரேற்றத்தின்போது காயலிலிருந்து இறால் குஞ்சுகள் வயலுக்குள் வரும். இரவில் தூம்பருகே விளக்கு வைத்து அவற்றை ஈர்ப்பதும் உண்டு. அழுகும் நெற்றாளும் அதில் தோன்றும் நுண்ணுயிர்களும் இறாலுக்கு உணவாகும். அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டி நீர்வற்றம் மிகும்போது, தூம்பின் வாயில் வலை கட்டி வளர்ந்த இறாலைப் பிடிப்பர். இதனைச் செம்மீன் கெட்டு என்பர். ஏப்ரல் நடுவில் இப்பருவம் முடியும்போது, ஊரார் வயலில் இறங்கி எஞ்சிய மீனைப் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. நிலமில்லாதவருக்கும் வயலில் பங்குண்டு என்பதை அவ்வழக்கம் உணர்த்துகிறது.

நெல்லின் தாள் இறாலுக்கு உணவு. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். ‘ஒரு நெல்லும் ஒரு மீனும்’ என்று மக்கள் இம்முறையைச் சுருக்கிச் சொல்வர்.

தரிசாகும் வயல்கள்

ஒரு காலத்தில் பொக்காளி நிலம் ஏறத்தாழ 25,000 ஹெக்டேர் பரப்பில் இருந்ததாகக் கணக்கிடுவர். இன்று நெல் விளைவது அதில் ஒரு சிறு பகுதியிலேயே. சாலை, வீடு, தொழிற்சாலை ஆகியவை ஒரு பகுதியை எடுத்துக்கொண்டன. எஞ்சியவற்றில் பல தரிசாயின. இதற்குரிய காரணங்களுள் மூன்று முதன்மையானவை.

முதலாவது, உழவரின் முதுமை. மேடு குவிக்கவும் நீரில் நின்று அறுக்கவும் தெரிந்தவர்கள் முதியவர்களாகிவிட்டனர். அவர்தம் மக்கள் கொச்சி நகரத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குச் சென்றுவிட்டனர். இளையோரைக் குறை கூறுதல் பொருந்தாது. சேற்றில் உழைத்த பெற்றோரே தம் மக்கள் படித்து வேறு தொழில் கொள்ள வேண்டும் என விரும்பினர்.

இரண்டாவது, எந்திரம் இறங்க இயலாமை. தஞ்சையிலும் பாலக்காட்டிலும் ஆள் குறைந்தபோது அறுவடை எந்திரங்கள் வந்தன. பொக்காளி வயலின் ஆழ்ந்த சேற்றில் அவை புதைந்துபோகும். நீரிலும் சேற்றிலும் இயங்கும் தனி எந்திரத்தை உருவாக்க வேளாண் பல்கலைக்கழகம் முயன்றுவருகிறது. எனினும் இன்றும் பெரும்பகுதி வேலை மனிதரின் கைகளையே நம்பியுள்ளது.

மூன்றாவது, நெல்லைவிட இறாலில் வருவாய் மிகுதி. நெல்லுக்குக் கூலிச்செலவு மிகுதி, விளைச்சல் குறைவு. ஆதலின், நில உடைமையாளர் சிலர் நெல்லை விட்டுவிட்டு ஆண்டு முழுவதும் உப்புநீரை நிறுத்தி மீன் வளர்க்க விரும்புகின்றனர்.

ஒரு வயல் தரிசானால் அதன் உடைமையாளருக்கு மட்டுமே இழப்பு என்று தோன்றலாம். உண்மை அவ்வாறன்று. பராமரிக்காத வரப்பு உடைந்தால் உப்புநீர் அண்டை வயலுக்கும் பாயும். ஒற்றை வயலில் மட்டும் நெல் விளைந்தால், சுற்றுவட்டத்து நீலக்கோழிகளெல்லாம் அவ்வயலிலேயே இறங்கிக் கதிரை அழிக்கும். ஆண்டு முழுவதும் உப்புநீர் நின்றால், அருகிலுள்ள வீடுகளின் சுவர் உதிரும்; கிணற்றுநீர் உவர்க்கும்; தோட்டப்பயிர் பட்டுப்போகும்; மாட்டுக்கு வைக்கோல் இராது. ஒருவர் வயலைக் கைவிடுவது பலரைப் பாதிக்கிறது. எனவே அதற்குரிய தீர்வும் பலர் கூடிக் காண்பதாகவே அமைதல் வேண்டும்.

பாடசேகரம் என்னும் கூட்டமைப்பு

ஒரே வெளிவரப்பும் ஒரே நீர்வழியும் கொண்ட வயல்களின் தொகுப்பைக் கேரளத்தில் பாடசேகரம் என்பர். ‘பாடம்’ என்பது இங்கு வயலைக் குறிக்கும். ‘சேகரம்’ என்பது தொகுப்பு. அவ்வயல்களின் உழவர் கூடி அமைப்பது பாடசேகர சமிதி. ஒரு பாடசேகரத்தில் பலருடைய சிறு சிறு நிலங்கள் இருக்கும். நிலம் அவரவருடையதே; நீரும் வரப்பும் தூம்பும் பொதுவானவை.

கூட்டாகச் செய்வதன் பயனை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு ஹெக்டேர் பரப்புள்ள சதுர வயலின் ஒரு பக்கம் 100 மீட்டர். அத்தகைய 25 வயல்கள், வரிசைக்கு ஐந்தாக, ஐந்து வரிசைகளில் அமைந்துள்ளன என்று கொள்வோம். ஒவ்வொரு வயலையும் சுற்றி உப்புநீரைத் தடுக்கும் வரப்பு கட்டினால், அண்டை வயலார் இடைவரப்பைப் பகிர்ந்துகொண்டாலும், மொத்த நீளம் 6,000 மீட்டர் ஆகும். இருபத்தைந்து வயல்களையும் ஒன்றாகச் சுற்றி ஒரே வரப்பு கட்டினால் 2,000 மீட்டர் போதும். செலவு மூன்றில் ஒரு பங்காகிறது. தூம்பு, நீர் இறைக்கும் எந்திரம், காவல் ஆகியவற்றுக்கும் இக்கணக்கு ஏறக்குறையப் பொருந்தும்.

சமிதியின் பணிகள் வரப்போடு முடிவதில்லை. எந்நாளில் நீரை வடிப்பது, எந்நாளில் விதைப்பது என்பவற்றை அதுவே முடிவு செய்யும். எல்லாரும் ஒரே காலத்தில் விதைத்தால்தான் ஒரே காலத்தில் அறுத்து, ஒரே நாளில் தூம்பைத் திறக்க முடியும். மீன் பருவத்துக்குரிய உரிமையைப் பொதுவில் ஏலம் விட்டு, வரும் தொகையை நிலத்தின் அளவுக்கேற்பப் பகிர்ந்தளிக்கும் வழக்கமும் உண்டு.

ஒரு முதிய தம்பதியரை எண்ணிப் பார்க்கலாம். அவர்களுக்கு வயலில் ஒரு சிறு பங்கு உண்டு. மகன் துபாயில், மகள் பெங்களூரில். மேடு குவிக்க உடலில் வலு இல்லை. ஆள் வைக்கப் பணம் இல்லை. தனித்திருந்தால் அவர்களின் நிலம் தரிசாகும், அல்லது விற்கப்படும். கூட்டமைப்பு இருந்தால், அவர்களின் நிலத்தையும் சேர்த்துப் பயிரிடுவது எளிது. நிலம் அவர்களின் பெயரிலேயே இருக்கும். விளைச்சலில் அல்லது மீன் வருவாயில் ஒரு பங்கு வீட்டுக்கு வரும். மேலும் எந்நாளில் மழை உப்பைக் கழுவும், எந்தப் பக்குவத்தில் நாற்றைப் பெயர்க்க வேண்டும் என்னும் அவர்களின் அறிவு இளையவரைச் சென்றடையும். உடல் தளர்ந்தவருக்கும் கூட்டு வேளாண்மையில் பணி உண்டு.

சட்டமும் துணை அமைப்புகளும்

கூட்டமைப்புக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. நெல்வயலைத் தூர்த்து வேறு பயனுக்கு மாற்றுவதை அது தடுக்கிறது. ஒவ்வோர் ஊராட்சியிலும், ஊராட்சித் தலைவர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழு அமைக்கவும் அது வழிசெய்கிறது. வயலைத் தரிசாக விட்டிருப்பவரை, தாமே பயிரிடவோ பிறரைக் கொண்டு பயிரிடவோ கோரும் வழியும் அச்சட்டத்தில் உண்டு. அத்தகைய நிலத்தைப் பயிரிடப் பிறருக்கு அளிக்கும்போது, பாடசேகர சமிதிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் முன்னுரிமை உண்டு. 2020ஆம் ஆண்டில், நெல்வயலைக் காத்துவரும் உடைமையாளருக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கும் திட்டத்தையும் கேரள அரசு தொடங்கியது. வயல் உணவு தருவதோடு, வெள்ளத்தைத் தேக்கி நிலத்தடி நீரையும் காக்கிறது. அப்பொதுப்பயனுக்கு அரசு அளிக்கும் மதிப்பாக இத்தொகையைக் கருதலாம்.

1998ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கமும் இதில் பங்கேற்கிறது. அண்டை வீட்டுப் பெண்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து, தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுகின்றனர். கடனுக்குக் குழுவே கூட்டுப் பொறுப்பேற்கிறது. நிலமில்லாத பெண்களும் இதனால் உழவராகின்றனர். வைப்பினுக்குக் கிழக்கே, வடக்குப் பறவூரை அடுத்த ஏழிக்கரையில் இயங்கும் பள்ளியாக்கல் கூட்டுறவு வங்கி, பொக்காளி நெல்லை உழவரிடமிருந்து வாங்கி அரிசியாக்கி விற்பதில் ஈடுபட்டுவருகிறது. விளைந்த நெல்லுக்கு வாங்குவோர் உண்டு என்னும் உறுதி கிடைத்தால்தான் உழவர் அடுத்த ஆண்டும் விதைக்கத் துணிவர்.

கூடி வாழ்வதன் கடினம்

கூட்டமைப்பு எளிதானது என்று கருதுதல் கூடாது. அதனுள் கருத்து வேற்றுமைகள் உண்டு. ஆண்டு முழுவதும் மீன் வளர்த்தால் மிகுந்த வருவாய் கிடைக்கும் என்பர் ஒரு சாரார். அவர்கள் கூற்றிலும் நியாயம் உண்டு; நட்டத்தில் நெல் பயிரிடுமாறு எவரையும் நெடுங்காலம் வற்புறுத்த முடியாது. உப்புநீர் சூழ வாழ்வது தங்களால் இயலாது என்பர் வயலோரக் குடும்பத்தார். அறுவடை இல்லையேல் தங்களுக்கு வேலை இல்லை என்பர் உழைப்பாளர்.

இயற்கையும் ஒரு விடை கூறியுள்ளது. 1990களில் இந்தியக் கடற்கரையின் இறால் பண்ணைகளில் வெண்புள்ளி நோய் பரவிப் பேரிழப்பை விளைவித்தது. ஓய்வின்றி ஒரே உயிரை வளர்க்கும் நீரில் நோய் எளிதில் நிலைத்துவிடும். நெற்பருவம் வயலுக்கு ஓய்வையும் நன்னீரையும் தருகிறது. ஆதலின், நெல்லைக் கைவிடுவோர் காலப்போக்கில் மீனையும் இழக்கக்கூடும். நெல்லின் செலவை மீனின் வருவாயிலிருந்து ஈடுசெய்வதே இம்முறையின் பொருளாதாரம். இரண்டையும் ஒரே கணக்கேட்டில் எழுதினால்தான் உண்மையான வரவு புலப்படும்.

பிற நாடுகளிலும் பிற ஊர்களிலும்

முதுமையால் வயல்கள் தரிசாவது வைப்பினுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. ஜப்பானில் 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையையே முதன்மைத் தொழிலாகக் கொண்டோரின் சராசரி வயது ஏறத்தாழ 68. அங்குள்ள சிற்றூர்களில் மக்கள் தம் வயல்களை ஒன்றாகச் சேர்த்துப் பயிரிடுகின்றனர். ஒரு வீட்டுக்கு ஓர் எந்திரம் என்றிராமல், ஊருக்குச் சில எந்திரங்களைப் பொதுவில் வாங்குகின்றனர். இளையோர் எந்திரம் ஓட்ட, முதியோர் வரப்பில் புல் வெட்டி நீரைக் கவனிக்கின்றனர்.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான மரபு உண்டு. ஏரியையும் கால்வாயையும் ஊரார் கூடித் தூர்வாரும் வழக்கத்தைக் குடிமராமத்து என்றனர். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து உழைப்பது அதன் நெறி. காலப்போக்கில் தளர்ந்துபோன அப்பெயரில், 2017ஆம் ஆண்டில் தமிழக அரசு நீர்நிலைகளைச் சீரமைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நீர் பொதுவாக உள்ள இடத்தில் உழைப்பும் பொதுவாக இருத்தல் வேண்டும் என்பதையே வைப்பினின் தூம்பும் தமிழக ஏரியின் மதகும் உணர்த்துகின்றன.

கொச்சியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் சொந்த ஊரில் ஒரு சிறு நிலம் இருக்கக்கூடும். அதனைத் தாத்தாவோ பாட்டியோ காத்துவரலாம். அல்லது அது தரிசாகவும் கிடக்கலாம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அந்நிலத்தில் யார் உழுகின்றனர், எங்கிருந்து நீர் வருகிறது, வரப்பை யார் சீர்செய்கின்றனர் என்று கேட்டறிவது நன்று. விடையளிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அவ்வினாக்களைக் கேட்டுவிட வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

தூம்பு – நீரை விடவும் அடைக்கவும் உதவும் மதகு
காயல் – கடலோடு தொடர்புடைய உப்பங்கழி
தரிசு – பயிரிடப்படாத நிலம்
பாடசேகரம் – பொதுவான வரப்பும் நீர்வழியும் கொண்ட வயல்களின் தொகுப்பு
செம்மீன் – மலையாளத்தில் இறால்
உவர்த்தல் – உப்புச்சுவை ஏறுதல்

சிந்தித்து விடை எழுதுக

1. பொக்காளி வயலில் மேடுகள் குவிக்கப்படுவது ஏன்?
2. ஒருவர் வயலைத் தரிசாக விடுவதால் அண்டை அயலார் அடையும் தீமைகள் யாவை?
3. 16 சதுர வயல்கள், வரிசைக்கு நான்காக அமைந்துள்ளன. ஒவ்வொன்றின் பக்கமும் 100 மீட்டர். அனைத்தையும் சுற்றி ஒரே வரப்பு கட்டினால் அதன் நீளம் எவ்வளவு?
4. ஆண்டு முழுவதும் மீன் வளர்க்க விரும்புவோர், வயலோரம் வாழ்வோர், அறுவடை செய்வோர் ஆகிய மூவரும் ஒரு பாடசேகரக் கூட்டத்தில் பேசுவதாகக் கொண்டு, ஓர் உரையாடல் எழுதுக.
5. உன் வீட்டுப் பெரியவரிடம் அவர்தம் ஊரின் வயலையும் நீர்நிலையையும் பற்றிக் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.